விறகு வாயுவில் ஓடும் ஜெனரேட்டரின் வால்வு சில நாளிலேயே பிசினாக ஒட்டிக்கொள்வது ஏன்?

தார்தான், அதாவது விறகுப் புகையிலுள்ள கருமையான பிசுக்கு. அது பெரும்பாலும் ஈர விறகிலிருந்து வருகிறது.

விறகை வாயுவாக்கும் கலனுக்குள் அது முழுதாக எரிவதில்லை. குறைந்த காற்றில் வெந்து புகைகிறது. வாயு கீழ்நோக்கி இழுக்கப்படும் வகைக் கலனில் அந்தப் புகை, குறுகிய கழுத்தில் 1000 டிகிரிக்கு மேல் தகிக்கும் கரியைக் கடந்துதான் வெளியேற வேண்டும். அங்கே தார் சிதையும். கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கரியோடு சேர்ந்து எஞ்சினில் எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக மாறும். விறகின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால், தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகிக் கழுத்து குளிர்ந்துவிடும். தார் அப்படியே தப்பித்து எஞ்சினுக்குப் போகும்.

பலர் கவனிக்காத இன்னொன்று: குறைந்த லோடில் நெடுநேரம் ஓட்டினாலும் இதே கதிதான். காற்று குறைவாக இழுக்கப்படுவதால் கழுத்து சூடேறாது.

சீமைக்கருவேல விறகு நல்லது. 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். நீளக் குச்சிகள் குறுக்கே சிக்கி நிற்கும். மரத்தூள் காற்றை அடைக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ காய்ந்த விறகு பிடிக்கும்.

எஞ்சினுக்குத் திருப்புமுன் வாயுவில் வெள்ளைத் துணியைக் காட்டிப் பாருங்கள். பழுப்புப் பிசுக்கு படிந்தால் திருப்பாதீர்கள். கலனை எக்காரணம் கொண்டும் மூடிய அறையில் வைக்காதீர்கள்: கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு வாசனையே கிடையாது.