புல்லை விலக்காமல் எடுத்த படம்

"காட்டு விலங்குகள் மேலும் காட்டுப்பூக்கள் மேலும் ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு அப்படி என்ன பிடிப்பு? நல்ல படம் கிடைத்துவிட்டால் அந்த ஆசை தீர்ந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தீரவில்லைங்க. பதினோரு வருடமாக ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், இன்னும் தீரவில்லை.

அந்த இடம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு கொறங்காடு. வெளியூர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் அது தோட்டம், நெல் விளைந்தால் வயல். யானை, புலி இருக்கும் காட்டை எங்கள் வீட்டில் 'மலை' என்றுதான் சொல்வார்கள். கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த காடு. சுற்றிலும் முள்கிளுவையில் உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகள் காலங்காலமாக மேய்ந்து வளர்ந்தது இங்கேதான். அதனால் நீங்கள் காட்டுப்பூ என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் காட்டின் பூக்கள்தான்.

கேமரா வாங்கிய புதிதில் நானும் சத்தியமங்கலத்துக்குத்தான் ஓடினேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான் துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நான் விருந்தாளி. இன்று பார்த்த யானை நாளை எங்கே போகும், என்ன தின்னும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அங்கே இருக்கவும் முடியாது.

கொறங்காட்டில் எனக்கு முதலில் கிடைத்தது சூடு பட்ட மாதிரி ஒரு பாடம். மாசி மாதக் கடைசி. சாம்பல்தலை வானம்பாடி, சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், மேலே எழும்பும். பிறகு இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்து, தரைக்கு முன்னால் சுதாரித்து மறுபடி எழும்பும். அதைப் பார்த்தபடி நடந்தபோது காலடியிலிருந்து பெட்டை விருட்டென்று பறந்தது. குனிந்து பார்த்தால் கூடு. கொழுக்கட்டைப் புல் தூர் ஒன்றின் ஓரத்தில், மாட்டுக் குளம்பு பதிந்த குழி அளவுக்கு ஒரு பள்ளம். விளிம்பில் சின்ன மண்கட்டிகள், உள்ளே காய்ந்த நார், இரண்டு முட்டை. முட்டைக்கு முன்னால் நாலைந்து புல்தாள் குறுக்கே நின்று படத்தைக் கெடுத்தது. அதை வளைத்து ஒரு கல்லை வைத்து அழுத்தினேன். பத்து நிமிடத்தில் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கல்லை எடுக்கத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் போனேன். கூடு காலி. ஓடுகூடக் கிடக்கவில்லை.

அங்கே ஆடு மேய்க்கும் ஆத்தா ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனம்மிணி, அந்தப் பில்லுதான அதுக்குக் கூரை? கூரையப் பிரிச்சுப் போட்டுட்டு உள்ள இருக்கறதப் படம் புடிச்சியா?" என்றார்.

அன்றைக்குப் பிறகு கூட்டைப் படம் எடுத்ததில்லை. அந்தப் படத்தை யாருக்கும் காட்டியதும் இல்லை. ஆனால் அன்றிலிருந்துதான் புல்லைப் பார்க்க ஆரம்பித்தேன். எந்தப் புல் எந்த மாதம் தலைகாட்டும், எதை ஆடு விட்டுவைக்கும், எந்தத் தூருக்கு அடியில் நிழல் நிற்கும் என்றெல்லாம் அந்த ஆத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பறவை, பூ என்று தனித்தனியாகப் பார்ப்பது அப்படியே விட்டுப்போனது.

பூ என்றால் எனக்கு ஆவாரம்பூதான் முதலில். சின்ன வயதில் தை மூன்றாம் நாள், பூப்பறிக்கிற நோம்பிக்கு (எங்கள் பக்கம் நோம்பி என்றால் பண்டிகை), அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கையைப் பிடித்துக்கொண்டு கூடையோடு போவேன். பெண்கள் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு போவோம். கொத்தில் கை வைக்கும் முன் அம்மாயி கிளையை லேசாகத் தட்டச் சொல்வார். "வண்டு உள்ள இருக்கும், சத்தம் கேட்டா கைய எடுத்துரு" என்பார்.

அந்தச் சத்தம் என்ன என்பது இருபத்தைந்து வருடம் கழித்து, சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் வழியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டு வருவது மகரந்தத்துக்காக. அந்த மகரந்தப்பையும் மற்ற பூக்களைப் போல வெடித்துத் திறக்காது, நுனியில் ஒரு சின்னத் துளை மட்டும் இருக்கும். மரத்தைக் குடைந்து கூடு வைக்குமே, அந்தப் பெரிய கருவண்டு பூவை இறுகக் கட்டிக்கொண்டு உடம்பையே அதிர வைக்கும். பறக்கும்போது கனமாக இருந்த ரீங்காரம் அந்த நொடியில் சட்டென்று மெலிந்து உயரும். உப்புத்தூள் போல மகரந்தம் அதன் வயிற்றில் தெறிக்கும். இந்த ஒரு காட்சிக்கு மூன்று தை மாதம் ஆனது. கண்ணால் பிடிக்க முடியாததைக் காதால்தான் பிடித்தேன். சத்தம் மாறியதும் பொத்தானை அழுத்துவது, அவ்வளவுதான்.

ஆனி, ஆடியில் பூப்படம் எடுக்கும் வேலை நடக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளைச் சுற்றவிடும், செடிகளை ஒரு நொடி நிற்கவிடாது. அப்புறம் ஐப்பசி மழை விழுந்ததும் தரையே மாறிவிடும். விஷ்ணுகிரந்தி பூப்பது அப்போதுதான். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப் பூ, காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருண்டுவிடும். அதற்குக் குப்புறப் படுக்க வேண்டும், முழங்கையில் நெருஞ்சி முள் ஏறும். ஒருநாள் அப்படி அசையாமல் படுத்திருந்தபோது கிளுவை வேலிக்கு அடியிலிருந்து ஒரு கௌதாரி குஞ்சுகளோடு வெளியே வந்தது. என் தொப்பிக்குப் பத்தடி தள்ளி மண்ணைக் கிளறியது, குஞ்சுகள் அதன் காலுக்குள் புகுந்து புகுந்து ஓடின. கேமரா பூவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திருப்பினால் ஓடிவிடும் என்று அப்படியே கிடந்தேன். படம் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேரான பதில் கௌதாரியைப் பார்த்தபடி கிடந்த அந்தப் பத்து நிமிடம்தான்.

அதே மழைக்கு வேலியில் கண்வலிப்பூ ஏறும். செங்காந்தள் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும், நம் மாநில மலர். இலை நுனியே சுருண்டு கிளுவையைப் பிடித்துக்கொள்ளும். பச்சை மஞ்சளாக விரிந்து, நாளாக ஆகச் சிவப்பேறும். மூலனூர்ப் பக்கம் இதை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள், காலையில் ஆட்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். வேலியில் இருப்பதற்கு அந்த வேலையை வண்ணத்துப்பூச்சி செய்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கொறங்காட்டின் வடபுறத்தை விற்றுவிட்டார்கள். கிளுவையை வேரோடு பிடுங்கி, தரையை நிரவி, மஞ்சள் அடித்த கற்களை நட்டு மனையாக்கிவிட்டார்கள். விற்றவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, மாட்டை வைத்துப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் வயிறு எரிகிறது. முதலில் அந்த வானம்பாடிக் கூட்டைப் பார்த்தது அங்கேதான்.

அந்தப் பக்கம் நான் எடுத்ததில் ஒரு படம் வைத்திருக்கிறேன். வானம்பாடி புல்லுக்குள் நிற்கிறது, இரண்டு தாள் அதன் மார்பை மறைக்கிறது, ஒரு கண்ணும் அலகும்தான் தெளிவு. ஒரு போட்டிக்கு அனுப்பினேன். முன்னால் இருக்கும் புல்லை விலக்கியிருந்தால் பரிசுக்குரிய படம் என்று நடுவர் எழுதியிருந்தார். சரி என்று விட்டுவிட்டேன்.

போன பொங்கலுக்கு அதைப் பெரிதாக அச்சிட்டு அந்த ஆத்தாவிடம் கொடுத்தேன். முந்தானையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குருவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மங்கலாகத் தெரிந்த புல்லின் மேல் விரலை வைத்து, "இது நம்ம வடக்காலக் காட்டுப் பில்லுதான அம்மிணி?" என்றார்.