கையும் காலும் நன்றாக இருந்தால் போதுமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. 14 வயதிலிருந்து வலிப்பு. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தான். போன வருடம் கடைப் படியில் வலிப்பு வந்து விழுந்ததும் நிறுத்திவிட்டார்கள். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தோம். நேரில் பார்த்த உத்தியோகத்தர், "கையும் காலும் நல்லாத்தானே இருக்கு" என்றார். இப்போது நிராகரித்துச் சிங்களத்தில் கடிதம் வந்திருக்கிறது. மேன்முறையீட்டுக்குப் போகிற அன்று மாத்திரை கொடுக்காமல் கூட்டிப் போ, அவர்களே கண்ணால் பார்க்கட்டும் என்கிறார் மாமி. என்ன செய்யலாம்?
– ஓர் அக்கா, கொழும்பு

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மாமிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாமி ஆற்றாமையில் சொல்லியிருப்பார், புரிகிறது. ஆனாலும் வேண்டாம். எப்போதாவது வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். அந்த உத்தியோகத்தர் பார்த்தது தம்பியின் ஒரு நல்ல காலைப்பொழுதை மட்டும். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால், மூளையின் மின்னலைகளைப் பதிகிற ஈ.ஈ.ஜி. பரிசோதனைகூடச் சிலருக்குக் குறை எதையும் காட்டாது. அப்படியிருக்க, மேசைக்கு எதிரே சற்று நேரம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்ள முடியும்? அவர் பார்க்காத நாட்களை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

இன்றைக்கே தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம், விழுந்தாரா, நாக்கைக் கடித்தாரா என்று எழுதுங்கள். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலையைப் பறிப்பது அதற்குப் பிறகு வருகிற மணித்தியாலங்கள். எவ்வளவு நேரம் தூங்கினார், எழுந்ததும் உங்களை அடையாளம் தெரிந்ததா, மறுநாள் வேலைக்குப் போகிற நிலையில் இருந்தாரா? வலிப்பு வராத நாளையும் எழுதுங்கள். குளிக்கும்போது கதவைத் தாழிடாதே என்கிறீர்களா, அடுப்படியில் தனியே நிற்க விடுகிறீர்களா, பஸ்ஸில் கூடப் போவது யார், அதற்காக நீங்கள் எத்தனை நாள் சம்பளத்தை விட்டீர்கள். பதின்மூன்று வருடமாகப் பழகிப்போனதால் இதெல்லாம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. எழுதினால்தான் மற்றவருக்குத் தெரியும்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டு போய் வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள். "வலிப்புக்குச் சிகிச்சை பெறுகிறார்" என்ற ஒற்றை வரி போதாது. மாத்திரை போட்டும் மாதத்துக்கு எத்தனை தடவை வருகிறது, உயரமான இடம், நெருப்பு, இயந்திரம், வாகனம் ஆகியவற்றை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

மேன்முறையீட்டில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானாகவே "முழுமையாகவோ பகுதியாகவோ" நிறைவேற்ற முடியாதவரை அது மாற்றுத்திறனாளி என்கிறது. "பகுதியாகவோ" என்ற சொல்லை விடாதீர்கள். கையும் காலும் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அந்த வரைவிலக்கணம் கேட்கவே இல்லை.

எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் கிடைக்க வேண்டும். நிராகரித்த கடிதத்தில் காரணம் தெளிவாக இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருந்து மேன்முறையீட்டுக் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். அந்தத் தேதியை நாளைக்கே பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிரதி வைத்து, அதில் தேதி முத்திரை வாங்குங்கள்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் இந்தக் கொடுப்பனவை மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். கொழும்பு வாடகைக்கு அது எந்த மூலைக்கு என்று தோன்றும். ஆனால் பஸ் செலவுக்கும், ஆஸ்பத்திரியில் இல்லாத மாத்திரையை வெளியே வாங்கவும் தம்பி உங்களிடம் கை நீட்ட வேண்டியிராது. மறுபடியும் மறுத்தால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, கோப்போடு போங்கள்.

விசாரணை நாளில் தம்பி நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, மாத்திரை போட்டுவிட்டு வரட்டும். கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். வலிப்பு வந்து விழும்போது என்ன நடந்தது என்று அவருக்கு நினைவிருக்காது, அதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.