இன்டர்வெல்லில் ஓடிய பிள்ளைகள்

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்தோம். இப்போது பள்ளி திறந்து, புதுப் புத்தகமும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் மட்டும் பள்ளி வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். என்ன செய்ய?
- ஒரு வாசகி, ஏரல்

பதில்: அடித்ததை மறைக்காமல் சொன்னீர்களே, சரி. இனி வேண்டாம்.

சுனாமியின்போது நான் நாகப்பட்டினம் கடலோரப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் பள்ளியில் இல்லை, கடலை ஒட்டிய வீடுகளில் இருந்தார்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் வாசித்தேன். நாலாவது பெயரில் குரல் நின்றுவிட்டது. மூடி வைத்துவிட்டு, அந்த வாரம் முழுக்கத் தலையை எண்ணித்தான் எழுதினேன்.

இன்டர்வெல் மணி அடித்தால் பாதி வகுப்பு கேட்டைத் தாண்டி ஓடும். முகாமில் அம்மா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வரும். ஒருநாள் கேட்டைப் பூட்டிப் பார்த்தோம். மறுநாள் பாதிப் பேர் வரவே இல்லை. அப்புறம் திறந்தே விட்டோம். இரண்டு வாரத்தில் ஓட்டம் தானாக நின்றது. ஒருத்தி மட்டும் மார்ச் வரை ஓடினாள். ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் மகனுக்கும் பள்ளி மேல் பயம் இல்லை என்றே நினைக்கிறேன். தான் இல்லாத நேரத்தில் தண்ணீர் வந்து அம்மாவைக் கொண்டுபோய்விட்டால்? "ஒன்றும் ஆகாது, போ" என்றால் நம்ப மாட்டான். தாமிரபரணி தெருவுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். "இன்டர்வெல்லுக்கு வெளியே வா, கேட் பக்கத்தில் நிற்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் நின்றே ஆக வேண்டும். ஒருநாள் நழுவினாலும் எல்லாம் பாழ். வகுப்பு டீச்சரிடம் முன்பே பேசி வையுங்கள். முதல் வாரம் மதியம் வரை இருந்தால் போதும்.

நனைந்துபோன நோட்டுகளை மறுபடி எழுதச் சொல்லி இப்போது உயிரை வாங்காதீர்கள். பெருமழை வந்தால் பள்ளிக்கு யார் வந்து கூட்டிப்போவது, எந்த வீட்டு மாடிக்குப் போவது என்று அவனையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

ராத்திரி அலறி எழுவதும் படுக்கையை நனைப்பதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலும் அதே எண்தான்.