பத்து நாளில் மாறிய அம்மா: எந்தப் பரிசோதனை முதலில்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. இரண்டு வருடங்களுக்கு முன் அல்சைமர் என்று சொன்னார்கள். இதுவரை மறதி மட்டும்தான். பத்து நாட்களாக, என் மனைவி வளையலைத் திருடிவிட்டதாகச் சொல்கிறார். பொழுது சாய்ந்தால் “என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்று வாசலில் போய் நிற்கிறார். ராத்திரி தூங்குவதில்லை. அல்சைமருக்குப் புதிதாக ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறதாமே, அதை எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு அது வேண்டாம். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது “பத்து நாட்களாக” என்ற வார்த்தை. அல்சைமர் மாதக்கணக்கில் நகரும் நோய். ஒருவர் நாள்கணக்கில் மாறினால், உடம்பில் வேறு ஏதோ புதிதாகக் கிளம்பியிருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். இடையிடையே அசந்து கிடப்பது, பேச்சில் கவனம் நிற்காமல் போவது இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அது டெலிரியமாக, அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கலாம்.

சோடியம், சர்க்கரை, தைராய்டு, சிறுநீர் எல்லாம் சாதாரண லேபிலேயே பார்க்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று காய்ச்சலே இல்லாமலும் வரும். அதேசமயம், சிறுநீரில் கிருமி தெரிந்தாலே காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வயதான பெண்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் கிருமி இருக்கும். மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலியும் இப்படிச் சண்டையாக வெளிப்படும், வலிக்கிறது என்று அவரால் சொல்லத் தெரியாது. சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த மாத்திரைகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சளி, அரிப்பு, தூக்கம், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் குழப்பத்தை உண்டாக்கும்.

சரி, அந்த ரத்தப் பரிசோதனை? அல்சைமரோடு தொடர்புள்ள பி-டாவ் 217, அமிலாய்டு என்ற புரதங்களை அளப்பது அது. அமெரிக்காவில் 2025 மே மாதம், அறிகுறி உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக இப்படி ஒன்றை அனுமதித்தார்கள். மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்பதற்கு அது விடை தரும். வந்திருப்பது அல்சைமர்தானா என்ற சந்தேகம் இருந்தால், அல்லது அமிலாய்டை நீக்கும் மருந்தை யோசித்தால் பயன் உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பி-டாவ் அளவு அதனாலும் ஏறும். ஆனால் வளையல் ஏன் திருடு போனதாக அவருக்குத் தோன்றுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

இந்தச் சந்தேகம் நோய்க்குப் புதிதும் அல்ல. 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில், அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயோடு பார்த்த முதல் நோயாளியிடம் முதலில் தென்பட்டதே கணவர் மீதான சந்தேகம்தான். அந்தப் பெண் 1906-ல் இறந்த பிறகுதான் மூளையில் படிவுகளை அவர் கண்டார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இல்லாத ஆட்களைக் கண்ணால் பார்ப்பது, உடல் இறுகுவது, தூக்கத்தில் கத்துவது இருந்தால் லூயி பாடி வகை மறதி நோயாக இருக்கலாம். அவர்களுக்கு, ஆவேசத்தை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து ஆபத்து. பொதுவாகவே, மறதி நோய் உள்ள முதியோருக்கு இவ்வகை மனநல மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்காவில் 2008 முதலே எச்சரிக்கை உண்டு. மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரையும் வாங்கித் தராதீர்கள்.

மருத்துவரிடம் காட்டும்வரை, “யாரும் எடுக்கலம்மா” என்று வாதாட வேண்டாம். “வாங்க, தேடுவோம்” என்று சேர்ந்து தேடுங்கள். அதே மாதிரி கவரிங் வளையல் ஒன்று கைவசம் இருக்கட்டும். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் தெருவில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். அப்புறம், உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மீதுதான் பெரும்பாலும் இந்தப் பழி விழும்.