மருந்து ஆலைக் கழிவுநீர்: பாக்டீரியா மேல் பழி போடுமுன்

மருந்து ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஏரேஷன் தொட்டியில் (காற்று ஊதி, பாக்டீரியாவைக் கொண்டு கழிவைத் தின்ன வைக்கும் தொட்டி) எம்.எல்.எஸ்.எஸ். (நீரில் மிதக்கும் சேற்றின் அளவு) லிட்டருக்கு 9,000 மில்லிகிராம் இருக்கிறது. ஆனாலும் சி.ஓ.டி. (கழிவை ரசாயன முறையில் எரிக்கத் தேவையான ஆக்சிஜன்; கழிவின் அளவுகோல்) இறங்க மாட்டேன் என்கிறது. ஏன்?

எம்.எல்.வி.எஸ்.எஸ்., அதாவது அந்தச் சேற்றில் எரியக்கூடிய பங்கு, எவ்வளவு என்று எழுதவில்லையே! அந்த 9,000-ல் உயிர் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று தெரியாமல் நான் என்ன சொல்ல? காயவைத்த சேற்றை 550 டிகிரியில் எரித்துப் பாருங்கள். முக்கால் பங்கு எரிந்து போனால் நல்ல சேறு. பாதிகூட எரியவில்லை என்றால் நீங்கள் மின்சாரம் செலவழித்து மண்ணுக்குக் காற்று ஊதுகிறீர்கள். சுண்ணாம்பு முதல் கிளாரிஃபையரிலேயே (சேறு படியவிடும் தொட்டி) படிந்து வெளியேறுகிறதா என்று பாருங்கள்.

ஜாடியில் அரை மணியில் அழகாகப் படியும் சேறு, இன்னொரு மணி நேரத்தில் மொத்தமாகக் கிளம்பி மேலே வருகிறது. செத்துவிட்டதா?

இல்லை. சேற்றில் ஒட்டியிருக்கும் குமிழிகள் நைட்ரஜன். கண்ணாடிக் கம்பியால் லேசாகத் தட்டினால் குமிழி விட்டு மறுபடி படியும். கிளாரிஃபையரில் சேறு அதிக நேரம் தங்குவதால் இப்படி ஆகிறது. ரிட்டர்னை, அதாவது ஏரேஷனுக்குத் திருப்பி அனுப்பும் சேற்றை, கூட்டுங்கள்.

மாதாமாதம் 20 கிலோ பயோ கல்ச்சர் (பாக்டீரியா) பவுடர் போடச் சொல்கிறார்கள். போட்ட வாரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான். எந்த பிராண்டு நல்லது?

எந்த பிராண்டும் வேண்டாம். இதை எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் தொட்டி 500 கிலோலிட்டர், எம்.எல்.எஸ்.எஸ். 4,000 என்று வைத்துக்கொண்டால் உள்ளே ஏற்கெனவே இரண்டு டன் சேறு இருக்கிறது. பல மாதமாக உங்கள் கழிவுக்கே பழகியது. அதில் 20 கிலோ பவுடர், அதுவும் பெரும்பாலும் தவிடு, என்ன சாதிக்கும்? கல்ச்சர் தேவைப்படுவது புதிதாகத் தொடங்கும்போது, அல்லது முழுக்கச் செத்தபின். அப்போதும் உங்களைப் போன்ற மருந்து தயாரிக்கும் இன்னொரு ஆலையின் சேறு ஒரு டேங்கர் கிடைத்தால் போதும்.

போட்ட வாரம் ஏன் நன்றாக இருக்கிறது என்கிறீர்களா? சப்ளையர் ஆள் வந்து நிற்கும் வாரத்தில் ஃபீடை (தொட்டிக்கு விடும் கழிவை) குறைக்கச் சொல்வார், புரொடக்‌ஷன்காரர்களும் கொஞ்சம் ஒழுங்காக இருப்பார்கள். ஆள் போனதும் நைட் ஷிப்டில் மதர் லிக்கர் (மருந்தைப் பிரித்தபின் மிஞ்சும் கரைசல்) சாக்கடைக்குப் போகும். விஷம் குடித்தவனுக்கு டானிக் கொடுத்து என்ன பயன்?

விஷம் எப்போது வருகிறது என்று உங்கள் டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்சிஜன்) மீட்டரே சொல்லும். ஒரு ஆலையில் எனக்குக் காட்டிய சார்ட்டில், பகலெல்லாம் 1.5-ல் ஓடிய டி.ஓ., பின்னிரவில் விறுவிறுவென்று 6-க்கு ஏறியிருந்தது. காற்று ஊதும் புளோயரை யாரும் தொடவில்லை. ஆபரேட்டருக்கோ டி.ஓ. கூடியதில் சந்தோஷம்! மூச்சு விடும் பாக்டீரியா மூச்சை நிறுத்தினால் ஆக்சிஜன் மிஞ்சத்தானே செய்யும்? தேடிப் போனால், ரியாக்டர் கழுவிய டைகுளோரோமீத்தேன் (குளோரின் உள்ள சால்வென்ட், அதாவது கரைப்பான்) நேராக ஈக்வலைசேஷன் தொட்டிக்கு (எல்லாக் கழிவும் முதலில் கலக்கும் தொட்டி) வந்திருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு உற்பத்திப் பிளாக்குக்கும் தனிக் குழி கட்டுங்கள். குழியைத் திறக்குமுன் ஏரேஷன் தொட்டி நீரை ஒரு பி.ஓ.டி. (கழிவைத் தின்ன பாக்டீரியா செலவழிக்கும் ஆக்சிஜன்) சோதனைப் பாட்டிலில் நிரப்பி, டி.ஓ. நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். இன்னொரு பாட்டிலில் குழித் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்து அதையே செய்யுங்கள். இறக்கம் பாதியானால் அந்தக் குழியைத் திறக்காதீர்கள். கால் மணி நேர வேலை. கலக்குமுன் அளந்து பாருங்கள்.

சி.ஓ.டி. 6,000, பி.ஓ.டி. வெறும் 300. உயிரியல் முறை சரிப்படாதுதானே?

எத்தனை மடங்கு நீர்த்து பி.ஓ.டி. பார்த்தீர்கள்? நீர்க்க நீர்க்கக் கணக்கிட்ட பி.ஓ.டி. ஏறிக்கொண்டே போனால் மாதிரியில் விஷம் இருக்கிறது, பாட்டிலில் பாக்டீரியா வேலையே செய்யவில்லை என்று பொருள். பழகிய சேற்றை விதையாக வைத்து மறுபடி பாருங்கள். குளோரைடு 2,000-ஐத் தாண்டினால் சி.ஓ.டி. எண்ணும் பொய்யாக இருக்கலாம்.

எம்.இ.இ. (கழிவுநீரை ஆவியாக்கும் பல அடுக்கு எவாப்பரேட்டர்) கண்டன்சேட்டிலேயே (அந்த ஆவி குளிர்ந்த நீர்) சி.ஓ.டி. 5,000 வருகிறது. எவாப்பரேட்டர் பழுதா?

ஸ்ட்ரிப்பரை (சால்வென்ட்டை முன்னதாகவே பிரிக்கும் கருவி) பாருங்கள். முன்னால் பிரிக்காத சால்வென்ட் நீராவியோடு கிளம்பி இங்கே வந்து உட்காரும். மெத்தனால், ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்றால் அளவாக ஏரேஷனுக்குக் கொடுக்கலாம். குளோரின் சால்வென்ட் என்றால் கூடாது. இங்கும் அதேதான், கலக்குமுன் அளந்து பாருங்கள்.

டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு என்ற சால்வென்ட்) உள்ள கழிவுக்கு யூரியா எவ்வளவு போடுவது?

யூரியாவா! ஒரு கிலோ டி.எம்.எஃப்.பில் கிட்டத்தட்ட 190 கிராம் நைட்ரஜன் இருக்கிறது, எல்லாம் அமோனியாவாகத்தான் வெளியே வரும். பி.ஓ.டி., நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:5:1 என்று சூத்திரத்தை மனப்பாடம் செய்து மூட்டையை அவிழ்க்காதீர்கள். முதலில் டி.கே.என். (அமோனியாவும் கரிம நைட்ரஜனும் சேர்ந்த அளவு) பாருங்கள். பாஸ்பரஸ் வேண்டுமானால் பாஸ்பாரிக் ஆசிட் போடுங்கள். டி.ஏ.பி.யில் நைட்ரஜனும் சேர்ந்து வரும். ஒரு கிலோ அமோனியா நைட்ரஜன் நைட்ரேட் ஆக 7 கிலோ ஆல்கலினிட்டியை (அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தன்மை) தின்னும். பி.ஹெச். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) சேறு சும்மா கிடக்கிறது. தென்னைக்கு உரமாகப் போடலாமா?

கூடாது. மருந்து ஆலைச் சேறு அபாயக் கழிவு. அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கு அனுப்புங்கள்.

சி.ஓ.டி. 250-க்குக் கீழே வந்துவிட்டது. அப்படியானால் ஆன்டிபயாடிக்கும் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? (மாணவி)

இல்லை. ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவை வாங்கிய பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்திகரித்து வெளிவந்த நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. இந்த மருந்து சி.ஓ.டி. எண்ணில் தனியாகத் தெரியாது. மருந்தில் பெரும் பங்கு சேற்றில் ஒட்டிக்கொள்ளும், தென்னைக்கு வேண்டாம் என்றது இதற்காகவும்தான். பென்சிலின் வகையைக் காரத்தில் வைத்தாலே அதன் மூலக்கூறு வளையம் உடையும். வலிப்பு மருந்தான கார்பமசெபின் வந்தபடியே வெளியேறும். 2020 ஜனவரியில் மத்திய அரசின் வரைவு விதியில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்புகள் இருந்தன. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அவை காணாமல் போயின. ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படியுங்கள்.

100 கே.எல்.டி. (நாளுக்கு 100 கிலோலிட்டர்) மருந்துக் கழிவுக்கு டிசைன் அனுப்ப முடியுமா? அவசரம்.

என்ன மருந்து, என்ன சால்வென்ட், எத்தனை கழிவு ஓட்டம், உப்பு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. அதையெல்லாம் எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.