குடும்ப அட்டையில் இடமில்லாதவருக்கு அரிசி

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து, வருமானம் குறைந்த வீடுகளுக்கு மாதந்தோறும் அரிசியும் மளிகையும் வழங்கி வருகிறோம். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட திருநங்கையருக்கும், தன்பாலீர்ப்புள்ள இளைஞர்களுக்கும் கொடுக்க விரும்புகிறோம். குடும்ப அட்டை நகல் கேட்கலாம் என்கிறார்கள் சிலர். அவர்களுக்குத் தனி நாள் வைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனால் இவை யாவும் குடும்ப அட்டைக்கே உரியவை. வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளையின் பெயர் பெற்றோரின் அட்டையிலேயே தங்கிவிடுகிறது. அதை நீக்கினால்தான் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். இணையத்தில் நீக்க முயன்றாலோ, அதற்கான ஓ.டி.பி. எண் அந்த அட்டையில் பதிவான கைபேசிக்குத்தான் போகிறது; அது பெரும்பாலும் பெற்றோரிடம் இருக்கும். பேச்சுவார்த்தையே அற்றுப்போன வீட்டுக்கு அந்தப் பிள்ளை எப்படித் தொலைபேசியில் அழைத்து எண்ணைக் கேட்கும்? 2021-இல் அட்டைதாரர்களுக்குக் கொரோனா நிவாரணமாக 4,000 ரூபாய் அறிவிக்கப்பட்டபோதும் அட்டை இல்லாத திருநங்கையர் விடுபட்டார்கள். செயற்பாட்டாளர் கிரேஸ் பானு சென்னை உயர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. அட்டை இல்லாததால்தான் ஒருவர் உங்களிடம் வருகிறார். நீங்களும் அதையே கேட்டால் அவர் போக வேறு இடமில்லை.

தனி நாள் வைத்தால், அன்று வரிசையில் நிற்பவர் யார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். செய்தி வீட்டு உரிமையாளரின் காதுக்கு எட்டினால் இருக்கும் வாடகை அறையும் போய்விடும். எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே வரிசை, ஒரே மாதிரிப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அவர் சொல்லும் பெயரையே எழுதுங்கள், ஆதாரில் உள்ள பெயரைத் துருவ வேண்டாம். பை கொடுக்கும்போது தயவுசெய்து படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

பையில் என்ன இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். அடுப்பில்லாத அறையில் நால்வரோடு தங்கியிருப்பவருக்கு ஐந்து கிலோ அரிசியால் பயனில்லை. அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாழைப்பழமும் அன்றைய பசியை ஆற்றும். மண்டபங்களில் மிஞ்சும் சமைத்த உணவைப் பெற்று வழங்குவதற்கு 2019-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் உள்ளன. அதற்கான ஏற்பாடு உங்களிடம் அமையும்வரை உலர் பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையராக வாழும் இரண்டு பெண்கள் ஒரே குடும்ப அட்டை பெற முடியுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தன்பாலினத் திருமண வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, இத்தகைய இணையரை ரேஷன் அட்டைக்காக ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று ஒன்றிய உணவுத் துறை 2024-இல் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். முதல் முறை போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள்.