சார், பொண்ணு எடுத்திருக்குற சப்ஜெக்ட் சோஷியாலஜி இல்ல

சார், நீங்க போன்ல கேட்டத அப்படியே எழுதுறேன், "பி.ஃபார்ம் முடிச்சவ மருந்து கம்பெனிக்குப் போவான்னு பாத்தா, இப்ப ஆண் பெண் வித்தியாசத்த வெச்சு ரிசர்ச் பண்ணப் போறேங்குறா, இதெல்லாம் சோறு போடுமா?" பயப்படாதீங்க, மருந்து உடம்புல எப்படி வேல செய்யுதுன்னு அவ படிச்ச ஃபார்மகாலஜிதான் இதுவும்.

சோல்பிடெம்னு ஒரு தூக்க மாத்திரை. அமெரிக்கால 1992ல வந்துச்சு, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே டோஸ், 10 மில்லிகிராம். ஆனா லேடீஸ் உடம்புல இருந்து அது மெதுவாத்தான் வெளியேறும், அதனால ராத்திரி போட்ட மாத்திரை காலைல கார் எடுக்கும்போதும் ரத்தத்துல நிக்குது. இதுக்காக அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ பெண்களுக்கு 5 மில்லிகிராம்னு பாதியா குறைக்கச் சொன்னது 2013 ஜனவரிலதான். இருபது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு சார். அதுக்கு முன்னாடி, குழந்த பெத்துக்குற வயசுல இருக்குற பெண்கள மனுஷங்க மேல பண்ற ஆரம்பக்கட்ட மருந்து ட்ரையல்ல சேக்காதீங்கன்னு 1977ல அதே எஃப்.டி.ஏ சொல்லியிருந்துச்சு, வயித்துல இருக்குற பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல போட்ட ரூல்தான், 1993ல தளத்துனாங்க.

லேப்லயும் இதே கததான். பெண் எலிக்கு நாலஞ்சு நாளைக்கு ஒரு ஹார்மோன் சைக்கிள், ரீடிங் ஆடும்னு சொல்லி ஆண் எலியாவே வாங்குவாங்க, நானும் எம்.ஃபார்ம்ல அப்படித்தான் பண்ணேன், ஏன்னு கைடும் கேக்கல நானும் கேக்கல. 2014ல 293 பேப்பர ஒண்ணா சேத்துப் பாத்தப்போ பெண் எலியோட டேட்டா ஆண் எலியோடத விட ஒண்ணும் அதிகமா ஆடலன்னு தெரிஞ்சுச்சு. 2016ல இருந்து மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குற அமெரிக்க அரசு அமைப்பு என்.ஐ.எச், கிராண்ட் கேக்குறவங்க ஆண் பெண் ரெண்டையும் கணக்குல எடுக்கணும், ஒண்ண மட்டும் வெச்சு பண்ணா காரணம் சொல்லணும்னு கொண்டு வந்துச்சு. கனடால அதே மாதிரி அமைப்பான சி.ஐ.எச்.ஆர் அதுக்கு முன்னாடியே இந்தக் கேள்விய ஃபார்ம்ல வெச்சாச்சு.

இன்னொண்ணு, செக்ஸ் வேற ஜெண்டர் வேற, பாப்பாவ இதுல குழப்பிக்காம இருக்கச் சொல்லுங்க. லிவர் மருந்த எப்படி உடைக்குதுங்கறது உடம்பு சமாச்சாரம், அது செக்ஸ். பீடியே தொடாத பாட்டிக்கு விறகடுப்புப் புகைல சி.ஓ.பி.டிங்கற நுரையீரல் நோய் வருதே, அது அடுப்படில யார் நிக்கிறாங்கங்கறதால வர்றது, அது ஜெண்டர்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் வழுக்கி விழற இடம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். பி வேல்யூன்னா, மருந்துக்கு எஃபெக்டே இல்லாட்டியும் இப்படி ஒரு ரிசல்ட் தற்செயலா வர்ற வாய்ப்பு, வழக்கமா 0.05க்குக் கீழ இருந்தாதான் ஏத்துப்பாங்க. ஆண் எலில அது 0.03, பெண் எலில 0.09னு வந்துச்சுன்னு வைங்க, உடனே "மருந்து ஆணுக்குக் கேக்குது பெண்ணுக்குக் கேக்கல"ன்னு எழுதிடுவாங்க. அது தப்பு! ரெண்டு குரூப்பையும் நேருக்கு நேர் வெச்சு, டூ-வே அனோவாங்கற கணக்குல, மருந்தோட விளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறுறத காட்டுற இன்டராக்‌ஷன் இருக்கான்னு பாத்தாதான் அந்த வார்த்தைய சொல்லலாம். இத சரியா பண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு எந்த லேப்லயும் மதிப்பு உண்டு. அதனால என் அபிப்பிராயம், இந்த டாபிக்க தனி டிகிரியா தேடி அலைய வேணாம், ஜிபேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.ஃபார்ம் ஃபார்மகாலஜி போகட்டும், கூடவே மருத்துவ டேட்டாவுக்கான ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதான் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்ஸ உயிரக் குடுத்து படிக்கட்டும். மனுஷங்க பக்கம் ஆர்வம்னா திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரால அச்சுத மேனன் சென்டர்ல எம்.பி.எச், அதாவது பொது சுகாதார மாஸ்டர்ஸ் இருக்கு, ஜெண்டர் அண்ட் ஹெல்த்துக்கு நல்ல பேரு உள்ள இடம். சி.ஐ.எச்.ஆர் ஆன்லைன்ல ஃப்ரீயா ட்ரெய்னிங் மாட்யூல் போட்டிருக்கு, இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.

இதே பேர்ல வேலை விளம்பரம் வரும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, அத ஒளிக்காம சொல்லிடுறேன். கிளினிக்கல் ரிசர்ச், ஃபார்மகோவிஜிலன்ஸ் (மருந்தோட பக்க விளைவுகளக் கண்காணிக்கிறது), பயோஸ்டாட்னுதான் போஸ்ட் இருக்கும், அதுக்குள்ள இந்தத் திறமை கை குடுக்கும். பி.எச்டிக்கு வெளிநாடு போறான்னா அப்ளிகேஷன்லயே இது எடுபடும்.

சனிக்கிழமை 11 மணிக்கு மேல கூட்டிட்டு வாங்க. வரும்போது அவ ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க, "விஸ்டார் எலி, 150-200 கிராம்"னு லேப் எலியோட இனமும் எடையும் எழுதியிருப்பா, பக்கத்துல ஆணா பெண்ணான்னு எழுதியிருக்காளான்னு பாப்போம்.